புதுப்பிப்பு: பட்டறையும் பாடமும், 6 மாதங்களுக்குப் பிறகு

8ஆம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்ட, 17 வயதான என் உறவுக்காரப் பையனை முதலில் படிக்க வைப்பதா, தொழிலில் சேர்ப்பதா என்று 6 மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். ஜெர்மனியில் தொழில் பழகுநர்கள் வாரத்தில் ஒன்றிரண்டு நாட்கள் தொழிற்பள்ளியிலும் மற்ற நாட்களில் வேலையிடத்திலும் கற்கும் இரட்டைப் பயிற்சி முறையை ஒருவர் சுட்டிக்காட்டியிருந்தார். அதையொட்டி, பகலில் மரவேலைப் பட்டறை, வாரத்தில் மூன்று மாலைகளில் பாடம் என்று தொடங்கினோம்.

முதல் மாதம் பாடம் பெயருக்குத்தான் நடந்தது. புத்தகத்தைத் திறந்தாலே, பதில் தெரியாமல் வகுப்பில் எழுந்து நின்ற நாட்கள் அவன் முகத்தில் தெரிந்தன. பிறகு ஒருநாள், 1200 மில்லிமீட்டர் பலகையிலிருந்து 350 மில்லிமீட்டரில் நான்கு துண்டுகள் எடுக்கப் போனவன், மூன்றை அறுத்ததும், ரம்பம் தின்றது போக 141 மில்லிமீட்டர் மட்டுமே மிஞ்சியதைக் கையில் வைத்துக்கொண்டு, "வகுத்துப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும், இல்லையா?" என்று கேட்டான். கணக்கு அந்த வீணான பலகையிலிருந்துதான் ஆரம்பமானது. (பலகைக்கான பணத்தை நான் கொடுத்தேன், நல்ல செலவு என்றே நினைக்கிறேன்.)

இப்போது அளவுக் குறிப்புகளைத் தானே எழுதுகிறான், 10ஆம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதவும் சம்மதித்துவிட்டான். அவசர வேலை வந்தால் மாலைப் பாடம் தவறிப்போவதுதான் இன்னும் தீராத சிக்கல்; அதைப் பட்டறை உரிமையாளரிடம் அடுத்த வாரம் பேசவிருக்கிறேன்.