வழியில் 80 நிமிடம் தூங்கியது என் தவறா?

கேள்வி: தண்டையார்பேட்டைக்காரன்

அம்மாவின் அப்பா இறந்து இன்று எட்டாம் நாள். அவருக்கு 91 வயது. கல்யாணச் சாவு என்று ஊரே சொல்லிவிட்டது. அம்மா மட்டும் சொல்லவில்லை. அவர் கடைசியாக அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குக் காரணம் நான் என்று நினைக்கிறார். சாப்பாடு போடுகிறார், தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். பேச்சு இல்லை.

தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனிதர். தண்டையார்பேட்டையில் முப்பது ஆண்டுகள் இருந்துவிட்டு, முதுகு போன பிறகு சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார். ஊர் கோவில்பட்டியிலிருந்து 20 கிலோமீட்டர் உள்ளே. எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர்.

வெள்ளி இரவு 9.15-க்கு மாமா போன் செய்தார். நண்பனின் டவேராவைக் கேட்டு வாங்கி வந்தேன். அம்மா, அப்பா, மனைவி, இரண்டு பிள்ளைகள், கொருக்குப்பேட்டையில் இருக்கும் சித்தி, நான். சித்தி வந்த ஆட்டோ ரயில்வே கேட்டில் 25 நிமிடம் நின்றது. ஒரு சரக்கு ரயில் போய், கேட் திறக்கும் என்று பார்த்தால் எதிர்ப்பக்கம் இன்னொன்று. வண்டி கிளம்பும்போது 11.40.

மணலி சாலை, மாதவரம், புழல், பைபாஸ் என்று போனேன். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து பெருங்களத்தூரைத் தொட 1.20 ஆகிவிட்டது. பரனூரில் ஃபாஸ்டேக்கில் பணம் இல்லை. நண்பனை எழுப்பிப் பணம் போடச் சொல்லி, அது ஏறும்வரை ஓரமாக நின்றோம். (எங்கள் பக்கத்திலும் டோல்கேட் என்று ஓர் இடம் இருக்கிறது. மெட்ரோ நிலையத்துக்கே அந்தப் பெயர்தான். அங்கே யாரும் பணம் கேட்பதில்லை.)

உளுந்தூர்பேட்டை தாண்டியதும் எனக்குக் கண் செருகியது. ஒரு முறை வண்டி தானாக இடப்பக்கம் போய், ஓரக்கோட்டின் மேல் டயர் கரகரவென்று உரசிய சத்தத்தில்தான் விழித்தேன். பின்னால் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காரில் என்னைத் தவிர யாருக்கும் ஓட்டத் தெரியாது. ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி, 4.10 முதல் 5.30 வரை தூங்கினேன். அரை மணி நேரத்தில் எழுப்பச் சொல்லியிருந்தேன். அப்பாவும் தூங்கிவிட்டார். அம்மா மட்டும் முன் இருக்கையில் விழித்தே இருந்திருக்கிறார். எழுப்பவில்லை.

திருச்சியில் காபி. 8.30 வாக்கில் மாமா கேட்டபோது வந்துகொண்டிருக்கிறோம் என்றேன். ஊருக்குள் போனபோது மணி 11.30. தெருவெல்லாம் உதிர்ந்த சாமந்தி. வாசலில் யாரோ குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீர் காரின் டயர்வரை ஓடி வந்ததைப் பார்த்ததும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. 10.45-க்கே எடுத்துவிட்டார்களாம்.

அப்பாவும் நானும் சுடுகாட்டுக்கு ஓடினோம். வறட்டி அடுக்கி, மண் பூசி, தீ வைத்தாகிவிட்டது. சனிக்கிழமை என்பதால் பாடையில் கட்டியிருந்த கோழிக்குஞ்சு வேலி ஓரத்தில் கத்திக்கொண்டிருந்தது. நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டிய என் பையன்கள் காரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று அம்மா சொன்னது ஒன்றுதான்: "நீ தூங்காமல் இருந்திருந்தால் பத்து மணிக்கு வந்திருப்போம்." கணக்கு சரிதான். என் கேள்வி: நான் நிறுத்தியது தவறா? அடுத்த வாரம் பதினாறாம் நாள் கருமாதி. அதே வண்டியில், அதே சாலையில் அவரை எப்படி அழைத்துப் போவது?

---

எண்ணூர் டிரெய்லர்:

தம்பி, நான் 22 வருடமாக டிரெய்லர் ஓட்டுகிறேன். நீங்கள் நிறுத்தியது தவறில்லை. இன்னும் முன்னாலேயே நிறுத்தியிருக்க வேண்டும். 90-இல் போகும் வண்டி ஒரு விநாடியில் 25 மீட்டர் ஓடும். நான்கு விநாடி கண் மூடினால் 100 மீட்டர். அந்த 100 மீட்டருக்குள் எங்களைப் போல ஒருவன் பின்விளக்கு எரியாத வண்டியை ஓரம்கட்டித் தூங்கிக்கொண்டிருப்பான். டயர் சத்தத்தில் விழித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் அந்தச் சத்தம் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்தே இரண்டு பேருக்குக் கேட்கவில்லை.

ஆனால் உங்கள் வழி தவறு. இரவு 11 மணிக்கு மேல் யாராவது மணலி சாலையில் போவார்களா? துறைமுகத்துக்குப் போகிற எங்கள் வண்டிகள் வரிசை கட்டுவது அப்போதுதான். தண்டையார்பேட்டையிலிருந்து நேரே ராஜாஜி சாலை, அண்ணா சாலை, கத்திப்பாரா, ஜி.எஸ்.டி. சாலை. பகலில் அந்த வழியைக் கனவிலும் நினைக்கக் கூடாது. அந்த நேரத்தில் காலியாக இருக்கும்.

இன்னொன்று. இரவு ஓட்டம் என்றால் மாலையிலேயே இரண்டு மணி நேரம் படுத்துவிட வேண்டும். சாவுக்கு அது முடியாது, ஒத்துக்கொள்கிறேன். கருமாதிக்கு முடியும்.

---

பெரம்பூர்வாசி:

காரே எதற்கு? நெல்லை எக்ஸ்பிரஸ் கோவில்பட்டியில் நிற்கிறது. எழும்பூரில் ஏறினால் காலையில் இறங்கலாம். டிக்கெட் இல்லையென்றால் முந்தைய நாள் தட்கல், ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. அம்மாவையும் சித்தியையுமாவது ரயிலில் அனுப்புங்கள். பேச்சில்லாமல் பத்து மணி நேரம் ஒரே காரில் உட்காருவதைவிட அது மேல்.

---

காலடிப்பேட்டை அத்தை:

தம்பி, நான் ஐந்து சாவுக்கு நெடுந்தூரம் போனவள், இரண்டுக்குத் தாமதமாகப் போனவள். அதனால் கேட்கிறேன். சனிக்கிழமை ராகுகாலம் 9 முதல் 10.30 வரை. எமகண்டம் 1.30-க்குத்தான் தொடங்குகிறது. நடுவில் மூன்று மணி நேரம் நல்ல நேரம். கிழவருக்குப் பெண்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் வழியில். மகள் வராமல் பிணத்தைத் தூக்க எந்த ஊரிலும் மனம் வராது. குளிர்பெட்டி வைத்திருந்தார்களா? வைத்திருந்தால் அந்த அவசரம் எதற்கு?

மற்றதற்கெல்லாம் நிமிடக் கணக்கு எழுதியிருக்கிறீர்கள். கேட்டில் 25, தூக்கம் 80. மாமாவின் போனுக்கு மட்டும் "வந்துகொண்டிருக்கிறோம்" என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். என்ன சொன்னீர்கள், அதைச் சொல்லுங்கள்.

---

தண்டையார்பேட்டைக்காரன்:

அத்தை, நீங்கள் கேட்டதை நேற்றிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

குளிர்பெட்டி இருந்தது. கோவில்பட்டியிலிருந்து வாடகைக்கு வந்தது. 8.30-க்கு மாமா "எங்கேடா வருகிறீர்கள்?" என்றபோது துவரங்குறிச்சிப் பக்கம் இருந்தோம். தூங்கிவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "மதுரையைத் தாண்டிவிட்டோம் மாமா" என்றேன். மதுரைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எப்படியாவது பிடித்துவிடலாம் என்று ஒரு நினைப்பு.

அதை நம்பித்தான் ராகுகாலம் முடிந்ததும் எடுப்பது என்று பெரியவர்கள் நேரம் குறித்திருக்கிறார்கள். 10.25-க்கு மாமா என் மனைவிக்குப் போன் செய்தார். அவளுக்கு என் பொய் தெரியாது. விருதுநகர் தாண்டுகிறோம் என்று உள்ளதைச் சொன்னாள். அங்கே ஒரு பெரியவர், "காலையிலிருந்து மதுரையையே தாண்டிக்கொண்டிருக்கிறார்கள், இவர்கள் எப்போது வந்து சேர்வது?" என்றாராம். அதற்குமேல் எங்கள் பேச்சை யாரும் நம்பவில்லை. மாமா இருபது நிமிடம் பிடித்து வைத்தார். பிறகு அவராலும் முடியவில்லை.

இது மாமாவுக்குத் தெரியும். அவர் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா இன்னும் தூக்கத்தைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்.

---

எண்ணூர் டிரெய்லர்:

எங்கள் முதலாளிக்கு நாங்கள் தினமும் சொல்வதுதான் தம்பி. புழலில் நின்றுகொண்டு தடா தாண்டிவிட்டேன் என்போம். சரக்கு என்றால் தாமதத்துக்குப் பணம் பிடிப்பார்கள், தீர்ந்தது. இதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

---

காலடிப்பேட்டை அத்தை:

சொல்லிவிடுங்கள். காரில் சொல்லாதீர்கள். அவர் இறங்கிப் போகவும் முடியாது, நீங்கள் முகத்தைப் பார்க்கவும் முடியாது. ஊரிலும் வேண்டாம், நாலு பேர் நடுவில் ஆளுக்கொரு நியாயம் பேசுவார்கள். கிளம்புவதற்கு முன்னால், இங்கேயே. திட்டுவார். நீங்கள் தூங்கும்போது அவர் எழுப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? அவருக்கும் அது உள்ளே உறுத்திக்கொண்டிருக்கும். யாரைத் திட்டுகிறார் என்று யாருக்குத் தெரியும்?

தாத்தா படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டாயிற்றா? பதினாறாம் நாள் படைக்கும்போது வேண்டும். கடைசி நேரத்தில் அலைவார்கள்.

---

தண்டையார்பேட்டைக்காரன்:

படம் கொடுத்திருக்கிறேன். துறைமுக அடையாள அட்டையில் இருந்த படம்தான் இருக்கிறது. அதில் தாத்தாவுக்கு என்னைவிட வயது குறைவு. அம்மா அதைப் பார்த்துவிட்டு, இந்தச் சட்டை வேண்டாம், வெள்ளைச் சட்டையாக மாற்ற முடியுமா என்று கடைக்காரரிடம் கேட்டார். என்னிடம் இல்லை.

டிரெய்லர் அண்ணன் சொன்ன வழியிலேயே போகிறோம். அன்று மாலை தூங்கிவிட்டுக் கிளம்புவேன். மாமாவுக்கு வேட்டி துண்டு எடுக்க நாளை அம்மாவை எம்.சி. ரோட்டுக்கு அழைத்துப்போகிறேன். சித்தி வரவில்லை, நாங்கள் இருவர்தான். கூட்டத்தில் பேச முடியாது. திரும்பி நடந்து வரும்போது சொல்கிறேன்.