சமூக உளநலத் திட்டம் பயனளிக்கிறதா என்பதை எதைக் கொண்டு அளப்பது?

கேள்வி (கொட்டாஞ்சேனை)
வணக்கம். வட கொழும்பில் தமிழில் உளவளத்துணை வழங்கும் சிறு குழுவொன்றில் பணிபுரிகிறேன். இதுவரை எங்கள் அறிக்கைகளில் எத்தனை அமர்வுகள் நடந்தன, எத்தனை பேர் வந்தார்கள் என்பவை மட்டுமே இருந்தன. வந்தவர்களுக்கு நலம் கிட்டியதா என்று நிதி வழங்குவோர் இம்முறை கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 வினாக்கொத்தை முதல் அமர்விலும் இறுதி அமர்விலும் நிரப்பச் செய்து, சராசரிப் புள்ளி (கூடினால் சோர்வு அதிகம்) குறைந்திருப்பதைக் காட்டினால் போதுமா? பிரதேசத்தின் தற்கொலை வீதத்தையும் சேர்க்கலாம் என்கிறார் எங்களில் ஒருவர்.

பதில் (புள்ளிவிபரத் துறை, வெள்ளவத்தை)
போதாது. இறுதி அமர்வுவரை வந்தவர்களின் சராசரி, இடையில் நின்றுபோனவர்களை மறைத்துவிடும். அவர்களுள் சுகமாகிவிட்டதால் வராதவர்களும் இருப்பார்கள். பஸ் காசு இல்லாமலோ, அயலவர் கண்ணில் பட்டுவிடுவோம் என்ற கூச்சத்தாலோ நின்றவர்களும் இருப்பார்கள். ஆகவே ஒவ்வோர் அமர்விலும் நிரப்பச் செய்யுங்கள். நின்றுபோனவரின் கடைசிப் புள்ளியாவது கையில் இருக்கும். இங்கிலாந்தில் 2008இல் தொடங்கிய உளச்சிகிச்சைத் திட்டம், சிகிச்சை பெற்ற ஏறக்குறைய எல்லோரதும் முடிவுகளைச் சேர்க்க முடிந்தது இந்த வழக்கத்தால்தான். நலமடைந்தோர் வீதத்தைக் கணிக்கும்போது, முடித்தவர்களை அல்ல, தொடங்கியவர்கள் அனைவரையும் பகுதியெண்ணாக வையுங்கள்.

அத்துடன், மக்கள் மிகத் தளர்ந்திருக்கும் வேளையிலேயே உதவி தேடி வருகிறார்கள் என்பதால், சிகிச்சையே இல்லாவிடினும் பலரது புள்ளி சில வாரங்களில் ஓரளவு இறங்கும். காத்திருப்போர் பட்டியல் இருந்தால் அவர்களது புள்ளிகளையும் பதிந்து ஒப்பிடுங்கள்.

தற்கொலை வீதத்தை விட்டுவிடுங்கள். 1990களின் நடுப்பகுதியில் உச்சத்திலிருந்த இலங்கையின் வீதம் பின்னர் பெரிதும் வீழ்ந்தமைக்கு, கடும் நச்சுப் பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டதையே ஆய்வாளர்கள் முதன்மைக் காரணமாகக் காட்டுகிறார்கள். சிறு குழுவொன்றின் உழைப்பு அந்த எண்ணில் தெரியாது.

பதில் (சமூக சேவையாளர், தெமட்டகொடை)
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பிஎச்க்யூ-9 கடந்த இரு வாரங்களின் மனச்சோர்வை மட்டுமே கேட்கிறது. அங்கொடை மனநல வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய நீண்டகால நோயாளரிடம், வீட்டு வேலை செய்கிறாரா, மற்றவர்களோடு பழகுகிறாரா என்பதையே அறிய வேண்டும். அதற்கு உலக சுகாதார ஸ்தாபனத்தின் இயலாமை மதிப்பீட்டின் 12 வினா வடிவம் பொருந்தும். அது கடந்த 30 நாட்களைப் பற்றியது. வைத்தியசாலையை விட்டு வந்த ஏழு நாட்களுக்குள் அவரை யாராவது சந்தித்தார்களா என்பதையும் பதியுங்கள். செலவில்லாத, பயனுள்ள அளவீடு அது.

உளவளத்துணையாளர் முன்னிலையிலேயே நிரப்பவும் விடாதீர்கள். அவர் மனம் நோகக்கூடாதென்று புள்ளியைக் குறைத்துப் போடுவோர் நம்மவரில் அதிகம்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்கு என்ன செய்வது?

பதில் (சமூக சேவையாளர், தெமட்டகொடை)
அவருக்குச் சிகிச்சை வழங்காத ஒருவர் வாசித்துக் கேட்கட்டும். பிஎச்க்யூ-9இன் ஒன்பதாவது வினா உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்குப் பூச்சியம் தவிர்ந்த விடை வந்தால், கோப்பில் இடுவதற்கு முன் அன்றே பொறுப்பானவரிடம் தெரிவிக்க வேண்டும்.