478ஆவது போட்டியில் முதல் வெற்றி: திறமையா, எதிராளியின் தவறா?

பாம்பார்புரத்தான்:
2021 மே மாதம் இங்கிலாந்தின் பெல்ஃப்ரி மைதானத்தில் பிரிட்டிஷ் மாஸ்டர்ஸ் கோல்ஃப் பட்டத்தை வென்ற ஆங்கிலேய வீரர் ரிச்சர்ட் பிளாண்டை, விடாமுயற்சிக்குச் சான்றாக கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரர்களின் பை சுமக்கும் நம் கொடைக்கானல் பையன்களிடம் சொல்லி வருகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 48 வயதில், ஐரோப்பிய டூர் என்ற தொழில்முறைத் தொடரில் 478ஆவது போட்டியில்தான் அவருக்கு முதல் வெற்றி கிடைத்தது. அதுவும் சமநிலைக்குப் பிறகு ஆடிய கூடுதல் குழியில் இத்தாலியின் குய்டோ மிலியோஸிக்கு மூன்று பட் (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அடி) தேவைப்பட்டதால் கிடைத்தது. இதைச் சாதனை என்பதைவிட அதிர்ஷ்டம் என்பதே பொருந்தும்.

சோலைக்குருவி:
ஐயா, கூடுதல் குழி வரை அவரைக் கொண்டுவந்தது கடைசி நாளில் 66 அடிப்புகளிலேயே சுற்றை முடித்த அவர் ஆட்டம். பை சுமந்த நாட்களில் நம் மைதானத்தில் நான் பலமுறை பார்த்தது இது: பனி காயாத காலையில், சரிவில் அடித்த நான்கடி பட் ஈரப்புல்லில் ஒரு கோடு கிழித்துக்கொண்டு போய், குழியின் விளிம்பை உரசிவிட்டு, மூன்றடி கீழே ஓடி நிற்கும். திரும்பி அடிக்க நிற்பவர் அதே ஆள்தான், ஆனால் கை பழைய கையாக இருக்காது. எதிரில் ஒருவர் பிசகாமல் பார் (குழிக்கென விதித்த அடிப்புக் கணக்கு) எடுக்கும்போது அந்த நடுக்கம் இரட்டிப்பாகும். பிளாண்ட் அன்று செய்தது அதைத்தான்.

பாம்பார்புரத்தான்:
அடுத்த மாதமே அமெரிக்க ஓப்பனில் இரண்டு நாள் முடிவில் முன்னிலையைப் பகிர்ந்துகொண்டவர், கடைசியில் 50ஆவது இடத்துக்குச் சரிந்தாரே! அதை விடுங்கள். 2018இல் ஐரோப்பிய டூரில் ஆடும் உரிமையான டூர் கார்டை இழந்தபோது, 46 வயதில் இறங்கி ஆட அவருக்குச் சேலஞ்ச் டூர் என்றொரு கீழ்ப்படி இருந்தது. சென்னைப் போட்டி ஒன்றுக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணத்துக்கே கடன் வாங்கும் நம் பையனுக்கு எந்தப் படி இருக்கிறது?

வட்டக்கானல் வாசகர்:
எஸ்.எஸ்.பி. சௌராசியாவை இருவருமே மறந்துவிட்டீர்கள். ராயல் கல்கத்தா கிளப்பில் புல்தரை பராமரித்தவரின் மகன், 2008இல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் வென்றார்.

பாம்பார்புரத்தான்:
அப்போது அவருக்கு வயது 29. நம்மவர்களால் 48 வயது வரை காத்திருக்க முடியாது என்று நான் சொல்வதற்கு அது வலுத்தானே சேர்க்கிறது!

சோலைக்குருவி:
படி இல்லை என்ற குறையை முழுமையாக ஏற்கிறேன். அதற்காகப் பிளாண்டின் ஆட்டத்தைக் குறைத்துச் சொல்வதை மட்டும் ஏற்க மாட்டேன். 2024இல் மூத்தோருக்கான பிஜிஏ சாம்பியன்ஷிப், அமெரிக்க மூத்தோர் ஓப்பன் இரண்டையும், முதல்முறை ஆடியபோதே அவர் வென்றார். அங்கேயும் எல்லாரும் அவருக்காக வரிசையாக நின்று தவறினார்களா?

பாம்பார்புரத்தான்:
மூத்தோர் போட்டியில் ஆட 50 வயது நிரம்பியிருக்க வேண்டும், தம்பி. அதுவரை நம் பையன் எதைச் சாப்பிட்டுப் பயிற்சி எடுப்பான் என்பதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள்.