கியூர்ஸ் சட்டம் உங்களை எங்கே தொட்டது? அனுபவங்களைப் பகிருங்கள்

எலிக்கூண்டு:

நானே ஆரம்பிக்கிறேன். 2016 டிசம்பரில் ஒபாமா, மருத்துவ ஆராய்ச்சியை வேகப்படுத்த வந்த இந்த அமெரிக்கச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டபோது நான் பாஸ்டனில் பிஎச்டி முதலாண்டு. செனட்டில் ஆதரவாக 94 வாக்கு, எதிராக 5. இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து ஒன்றை நிறைவேற்றியதே அதிசயம் என்று லேபில் கேக் வெட்டினார்கள். மருத்துவ ஆராய்ச்சிக்குப் படியளக்கும் என்ஐஎச்சுக்குப் பத்து வருடத்தில் 480 கோடி டாலர். அதில் நாங்கள் நம்பியிருந்த ‘பிரெயின்’ என்ற மூளை ஆராய்ச்சித் திட்டத்துக்கு 151 கோடி. செலவை ஈடுகட்ட, அவசரத்துக்கென்று அரசு சேர்த்துவைத்த கச்சா எண்ணெயில் கொஞ்சத்தை விற்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், எண்ணெய்க் காசில் எலி வளர்க்கிறோம் என்று சிரித்துக்கொண்டோம்.

சட்டத்தை எங்களில் யாரும் படிக்கவில்லை. எங்கள் கிரான்ட், அதாவது ஆராய்ச்சி நிதிக் கணக்கைப் பார்த்துக்கொண்ட பெண்மணி மட்டும் படித்திருந்தார். எந்த வருடம் எவ்வளவு என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது, சமமாகப் பிரிக்கவில்லை என்றார். பிரெயினுக்கு 2017இல் வெறும் 1 கோடி. ஏறி இறங்கி, 2023இல் ஒரே தாவலாக 45 கோடி. மறுவருடம் 17.2 கோடி. அதற்கடுத்து 9.1. “2024இல் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். அதற்குள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் வேறு பணம் போட்டு நிரப்பிவிடும் என்று பாஸ் சொல்லிவிட்டார்.

நிரப்பவில்லை. பிரெயினின் மொத்தத் தொகை 68 கோடியிலிருந்து 40.2 கோடிக்கு விழுந்தது. நான் அப்போது பிஎச்டி முடித்து வேறோர் ஊரில் போஸ்ட்டாக் ஆராய்ச்சியாளர். முதல் கிரான்டுக்கு விண்ணப்பித்திருந்தேன். ஸ்கோர் நன்றாகத்தான் வந்தது. முந்தைய வருடமாக இருந்தால் கிடைத்திருக்கும் என்றார்கள், ஆறுதலுக்குச் சொன்னார்களோ என்னவோ. எலிகளைக் கவனித்த டெக்னீஷியனை அனுப்ப வேண்டிவந்தது. கூண்டுகளைப் பாதியாக்கினோம். நான் இரண்டு வருடம் கலந்து உருவாக்கிய எலி வகையின் விந்தணுவை உறையவைத்துவிட்டு, உயிரோடிருந்தவற்றை நானேதான் முடித்தேன். அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பத்து வருடத்துக்கு நிதி ஒதுக்கினோம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் இப்போது முதலில் அட்டவணையைத்தான் கேட்கிறேன்.

எடிசன் அக்கா:

எனக்கு லேப் எல்லாம் தெரியாது தம்பி. அதே சட்டத்தின் இன்னொரு மூலையில், நோயாளியின் தகவலை அவருக்கே கிடைக்காமல் தடுக்கக் கூடாது என்று இருக்கிறதாம். அதற்கான விதி 2021 ஏப்ரல் 5 முதல் அமலானது. எனக்கு அது தெரியவந்தது மறுவருடம், இந்தியன் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது. போனில் டிங் என்றது. பயாப்ஸி ரிசல்ட். இன்வேசிவ் டக்டல் கார்சினோமா. கடைசிச் சொல் மட்டும் புரிந்தது, புற்றுநோய். தள்ளுவண்டியை அங்கேயே விட்டுவிட்டு, காரில் உட்கார்ந்து மற்ற இரண்டையும் தேடிப் படித்தேன்.

டாக்டர் மறுநாள் பதினொரு மணிக்குத்தான் அழைத்தார். இதையெல்லாம் டாக்டர் வாயால்தான் கேட்க வேண்டும் என்று வீட்டுக்காரருக்கு இன்றும் கோபம். எனக்கு அப்படியில்லை. அழுகையெல்லாம் ராத்திரியே முடிந்துவிட்டதால், அவர் பேசும்போது என்னால் கேள்வி கேட்க முடிந்தது. பதினான்கு கேள்வி எழுதிவைத்திருந்தேன், ஒன்பதுக்குப் பதில் வந்தது. இப்போது நன்றாக இருக்கிறேன். ஆனால் ஸ்கேன் எடுத்த வாரத்தில் போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் கடைக்குப் போகிறேன்.

பால்டிமோர் நர்ஸ்:

என்னுடையது சின்ன விஷயம். போதைப் பழக்கம் உள்ளவர்களிடம் நடத்தும் ஒரு ஆய்வில் வேலை. அவர்கள் சொல்வது கோர்ட்டுக்குப் போகாமலிருக்க ரகசியக் காப்புச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. முன்பெல்லாம் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்தச் சட்டத்துக்குப் பிறகு, 2017 அக்டோபரிலிருந்து, என்ஐஎச் பணத்தில் நடக்கும் இந்த மாதிரி ஆய்வுகளுக்குத் தானாகவே வந்துவிடுகிறது.

பங்கேற்பாளர் ஒருவரின் விவாகரத்து வழக்கில், எதிர்த்தரப்பு வக்கீல் எங்கள் பதிவுகளைக் கேட்டு சப்பீனா, அதாவது ஆவணங்களை ஒப்படைக்கச் சொல்லும் சட்ட உத்தரவு, அனுப்பினார். எனக்குக் கை நடுங்கியது. சான்றிதழைத் தேடி அலமாரியெல்லாம் கலைத்தேன், அப்படியொரு காகிதமே இல்லை. அது கிரான்ட் நிபந்தனையிலேயே அடக்கமாம். எங்கள் சட்டப் பிரிவிலிருந்து ஒரு பக்கக் கடிதம் போனது. வக்கீல் மறுபடி கேட்கவில்லை. புதிதாகச் சேரும் நர்ஸ்கள் இன்னும் என்னிடம் வந்து, அந்தச் சான்றிதழை எந்த ஃபைலில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள்.