அப்பாவின் கைப்பட்டி ராத்திரி 2 மணிக்கு 38 காட்டியது: நம்புவதா, கழற்றி வைப்பதா?

நானுஓயா_ஆசிரியர்
வணக்கம். அப்பாவுக்கு 64 வயது. தேயிலை ஃபேக்டரியில் ரோலர் பக்கம் முப்பது வருடம் வேலை செய்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறார். கொழும்பில் இருக்கும் தம்பி தீபாவளிக்கு அவருக்கு ஒரு கைப்பட்டி வாங்கித் தந்தான். காலையில் போனைத் திறந்தால், தூக்கத்தில் இதயம் எப்படித் துடித்தது என்று ஒரு கோடு தெரியும். மார்கழி பிறந்ததிலிருந்து அந்தக் கோடு ராத்திரி 1 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் அறுந்து அறுந்து போகிறது. அரை மணி, முக்கால் மணி ஒன்றுமே பதிவாவதில்லை.

போன வாரம் 2 மணிக்கு, துடிப்பு நிமிடத்துக்கு 38 என்று அலாரம் அடித்தது. அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அப்பாவைக் கம்பளியில் சுற்றி, பக்கத்து லயத்துப் பையனின் ஆட்டோவில் பனிக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஈசிஜி எடுத்தார்கள். துடிப்பு 62, எல்லாம் சரி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மா தூங்குவதே இல்லை. அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பட்டியை நம்பலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊவா_மைந்தன்
சேர், முதல் வேலையாக அதைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். ஈசிஜி சரி என்றால் சரிதான். நான் இதைச் சும்மா சொல்லவில்லை. என் மனைவி ஒரு வருடம் இதே மாதிரிப் பட்டி கட்டியிருந்தார். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த மனுசி, ராத்திரி 3 மணிக்கு எழுந்து நம்பர் பார்க்க ஆரம்பித்தார். 70 என்றால் ஏன் 70, 52 என்றால் ஏன் 52. பார்க்கப் பார்க்கத் தூக்கம் போனது, தூக்கம் போகப் போக நம்பர் ஏறியது. 2017-ல் அமெரிக்காவில் தூக்க மருத்துவம் படித்தவர்கள் இதற்கு ‘ஆர்த்தோசோம்னியா’ என்று ஒரு பெயரே வைத்தார்கள். பட்டி காட்டும் தூக்கத்தைச் சரியாக்கப் போய், உள்ள தூக்கத்தையும் கெடுத்துக்கொள்வது. உங்கள் அம்மாவுக்கு இப்போது அதுதான் நடக்கிறது. பட்டி அப்பாவின் கையில் இருக்கிறது, நோய் அம்மாவுக்கு வந்திருக்கிறது.

கருவி_பிரியன்
ஹட்டனில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வாரத்துக்கு நாலு பேராவது இதே குறையோடு வருகிறார்கள், அதுவும் ஜனவரி, பெப்ரவரியில்தான் அதிகம். சேர், கோடு அறுவது அப்பாவின் இதயத்தால் அல்ல. பட்டிக்கு அடியில் பச்சை வெளிச்சம் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். இரத்தம் பச்சை வெளிச்சத்தை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் இரத்தம் கொஞ்சம் கூடும், திரும்பி வரும் வெளிச்சம் கொஞ்சம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் அது எண்ணுகிறது. இதயத்தை அது நேரே பார்ப்பதில்லை, மணிக்கட்டுத் தோலைத்தான் பார்க்கிறது.

இப்போது நம் ஊரை நினையுங்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். இந்த மாதங்களில் சில விடியலில் புல்லெல்லாம் உறைபனி. லயத்துத் தகரத்துக்கு அடியில் கையைக் கம்பளிக்கு வெளியே போட்டுத் தூங்கினால், சூட்டைக் காக்க உடம்பு தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். அங்கே இரத்தம் குறைந்தால் பட்டிக்கு எண்ண ஒன்றும் கிடைக்காது. 1 மணியிலிருந்து 4 மணி வரை அறுகிறது என்கிறீர்கள், குளிர் கடிக்கிற நேரம் அதுதானே?

அப்புறம், பட்டி தளர்ந்து எலும்பு மேல் கிடந்தால் வெளிச்சம் கசியும். அந்தக் கைமேலேயே படுத்துவிட்டால் இரத்த ஓட்டம் நசுங்கும். பட்டரியை மிச்சம் பிடிக்க, சிலவற்றில் 10 நிமிடத்துக்கு, 30 நிமிடத்துக்கு ஒரு தடவைதான் பார்க்கும்படி அமைத்திருப்பார்கள். அதையும் பாருங்கள். இவ்வளவும் சரிசெய்யக் கூடியவை. கழற்றி எறிய வேண்டியதில்லை.

ஊவா_மைந்தன்
தம்பி, நீங்கள் சொன்னதே எனக்குப் போதும். குளிர்ந்தால் தெரியாது, தளர்ந்தால் தெரியாது, புரண்டு படுத்தால் தெரியாது. மலையில் தூங்குகிறவனுக்கு இந்த மூன்றும் தினம் நடக்கும். அப்படிப்பட்ட ஒன்று ராத்திரி 2 மணிக்கு ஒரு குடும்பத்தையே எழுப்பலாமா? நான் ஒரு நாள் பட்டியைச் சுருட்டிய ஈரத் துவாயில் கட்டிப் பார்த்தேன். 74 காட்டியது. துவாய்க்கு ஏது துடிப்பு?

கருவி_பிரியன்
துவாயில் காட்டும், ஒத்துக்கொள்கிறேன். வெளிச்சம் பட்டுத் திரும்பினால் அதற்குள் ஒரு தாளத்தைத் தேடிப் பிடித்துவிடும். அதற்காக மனிதக் கையிலும் பொய்தான் சொல்கிறது என்றாகிவிடாது, அண்ணே.

2019-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்ற மருத்துவ இதழில் ஆப்பிள் கடிகாரத்தை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. 419,297 பேர். அதில் 0.52 சதவீதம் பேருக்குத்தான் ‘துடிப்பு தாளம் தவறுகிறது’ என்ற எச்சரிக்கை போனது. சும்மா எல்லாரையும் பயமுறுத்தவில்லை.

ஊவா_மைந்தன்
அதே ஆய்வை முழுக்கச் சொல்லுங்கள். எச்சரிக்கை வந்தவர்களில், நெஞ்சில் ஈசிஜி பட்டை ஒட்டித் திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதம் பேருக்குத்தான் அந்தக் கோளாறு பிடிபட்டது. மூன்றில் இரண்டு பேர் வீணாகப் பயந்திருக்கிறார்கள்.

இரவுப்பணித்_தாதி
கண்டியிலிருந்து. இருதய வார்ட்டில் பதினொரு வருடம் நைட் டியூட்டி பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். மூன்றில் இரண்டு பேர் வீணாகப் பயந்தார்கள் என்பது சரியான கணக்கல்ல, அண்ணா. அந்தப் பட்டையை அவர்கள் ஒட்டியது எச்சரிக்கை வந்து பல நாள் கழித்து. அந்தக் கோளாறு வந்து வந்து போகிற சுபாவம் உள்ளது. பட்டை ஒட்டியிருந்த நேரத்திலேயே கடிகாரமும் எச்சரித்தபோது, அவற்றில் 84 சதவீதத்தில் ஈசிஜியிலும் அது தெரிந்தது.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு முக்கியமான விஷயம். ஆஸ்பத்திரியில் எடுக்கிற சாதாரண ஈசிஜி பத்தே பத்து விநாடி. அதுவும் ஆட்டோவில் குலுங்கி, பயந்து, விழித்திருக்கும்போது எடுத்தது. அது சரியாக இருந்தது நல்ல செய்தி. ஆனால் 2 மணிக்குத் தூக்கத்தில் என்ன நடந்தது என்பதற்கு அது சாட்சி அல்ல. கோடு அறுவது வேறு, 38 என்று காட்டுவது வேறு. அறுந்ததற்குக் குளிர் காரணமாக இருக்கலாம். 38-க்கு வேறு காரணங்களும் உண்டு.

ஒன்று, தூக்கத்தில் துடிப்பு இறங்குவது இயல்பு. நல்ல உடற்பயிற்சி உள்ளவர்களுக்கு 40-க்கும் கீழே போகும். இரண்டு, இதயம் ஒன்று விட்டு ஒன்று முந்திக்கொண்டு துடித்தால் அந்த முந்திய துடிப்பு பலவீனமாக இருக்கும், மணிக்கட்டு வரை வந்து சேராது. நெஞ்சில் 76, கையில் 38. பட்டி பார்த்தது பொய்யாகாது, ஆனால் பாதியைத்தான் பார்த்திருக்கும். மூன்று, மருந்து. அப்பா பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறாரா? பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது?

கொட்டகலை_பெண்
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் ஆத்தாவின் கையில் மணிக்கட்டு வரை பச்சை குத்தியிருக்கிறது. அந்தக் காலத்தில் கொழுந்து எடுக்கப் போனவர்களில் நிறையப் பேருக்கு இருக்குமே. அவருக்கு எந்தப் பட்டி கட்டினாலும் கோடு வருவதே இல்லை. தோல் கறுப்பு என்பதாலா, பச்சையாலா?

இரவுப்பணித்_தாதி
பச்சைதான் காரணமாக இருக்கும், தங்கச்சி. மை வெளிச்சத்தை மறித்துவிடும். பச்சை இல்லாத கையில், அல்லது மணிக்கட்டின் உள்பக்கம் கட்டிப் பாருங்கள். நிறத்தைப் பற்றி 2020-ல் 53 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், தோல் நிறத்தால் துடிப்புக் கணக்கில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கருவிக்குக் கருவிதான் வித்தியாசம் இருந்தது, கை அசையும்போது பிழை கூடியது. ஆனால் விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கிற கருவி கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடக் காட்டியதுண்டு. அது வேறு கருவி, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நானுஓயா_ஆசிரியர்
மிஸ்ஸி, பெட்டியைப் பார்த்தேன். அட்டெனோலோல். இரண்டு வருடமாக எடுக்கிறார். தோட்ட டிஸ்பென்சரியில் பிரஷர் பார்த்துக் கொடுத்தது.

இரவுப்பணித்_தாதி
அது துடிப்பின் வேகத்தைக் குறைக்கிற மருந்து. தூக்கத்தில் ஏற்கெனவே இறங்குகிற துடிப்பை இன்னும் இறக்கும். தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து. டாக்டரிடம்தான் போக வேண்டும்.

போவதற்கு முன் இரண்டு மூன்று ராத்திரி இதைச் செய்யுங்கள். பட்டியை எலும்பிலிருந்து இரண்டு விரல் மேலே ஏற்றி, தோலில் ஒட்டுகிற அளவுக்கு இறுக்கி, மேலே ஸ்வெட்டர் கையை இழுத்துவிடுங்கள். அலாரம் அடித்தால் அவரை எழுப்ப வேண்டாம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நீங்கள் மணிக்கட்டில் ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அதே நிமிடம் அம்மா அவர் நெஞ்சில் காதை வைத்து எண்ணட்டும். இரண்டையும் எழுதி வையுங்கள். மயக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, எழுப்பினாலும் எழும்பாமல் இருப்பது, இதில் ஒன்று இருந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் 1990-க்கு அடியுங்கள். அந்த அம்புலன்ஸுக்குப் பணம் இல்லை.

ஊவா_மைந்தன்
மிஸ்ஸி சொல்வது நியாயம். ஆனால் கவனியுங்கள், கடைசியில் விரலும் காதும்தான் எண்ணப் போகின்றன. பட்டிக்கு அங்கே என்ன வேலை?

கருவி_பிரியன்
எப்போது எழுந்து எண்ண வேண்டும் என்று சொல்வதுதான் அதன் வேலை, அண்ணே. ராத்திரி முழுக்க யாரால் விரல் வைத்துக்கொண்டு உட்கார முடியும்?

நானுஓயா_ஆசிரியர்
நாலு ராத்திரி பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதல் ராத்திரி பழையபடியே கட்டினோம். கோடு நாலு இடத்தில் அறுந்தது. இரண்டாம் ராத்திரி மிஸ்ஸி சொன்னபடி மேலே ஏற்றி, ஸ்வெட்டர் கைக்குள் வைத்தோம். ஒரே இடத்தில், பத்து நிமிடம் மட்டும் அறுந்தது. அப்போது அவர் அந்தக் கைமேல் படுத்திருந்ததை அம்மா பார்த்தார். மூன்றாம் ராத்திரி ஒரு இடமும் அறவில்லை. அந்த விஷயத்தில் ஹட்டன் தம்பி சொன்னது சரி.

நாலாம் ராத்திரி 3.10-க்கு 41 காட்டியது. அப்பா அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார், குறட்டை வேறு. நான் மணிக்கட்டில் எண்ணினேன், 42. அம்மா நெஞ்சில் காது வைத்து வாய்க்குள் எண்ணினார், அவருக்கும் 42. சீராக, ஒரே இடைவெளியில்.

அந்தத் தாளையும் மாத்திரைப் பெட்டியையும் கிளினிக்கில் காட்டினேன். டாக்டர் போனில் இருந்த கோட்டை மேலோட்டமாகத்தான் பார்த்தார். எண்ணி எழுதிய தாளை இரண்டு தடவை வாசித்தார். மாத்திரையின் அளவைக் குறைத்துக் கொடுத்து, 24 மணி நேரம் ஈசிஜி பதிகிற ஹோல்டர் கருவிக்கு நாள் குறித்திருக்கிறார்.

ஊவா_மைந்தன்
நல்ல செய்தி, சேர். மனம் நிறைந்து சொல்கிறேன். 38-ஐக் கருவியின் பொய் என்று ஒதுக்கிவிடச் சொன்னது என் பிழை. ஆனால் என் வீட்டில் அந்தப் பட்டி திரும்ப வராது. உங்கள் அப்பாவுக்கு மாத்திரை என்று ஒரு காரணம் இருந்தது. என் மனைவிக்குக் காரணமே இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது. உடம்பில் குறையில்லாதவர்களுக்கு ராத்திரி அலாரத்தை அடைத்து வையுங்கள் என்றாவது கடையில் சொல்லி விற்கலாம்.

கருவி_பிரியன்
இனி என் கடையில் சொல்லித்தான் கொடுப்பேன், அண்ணே. எலும்புக்கு மேலே இரண்டு விரல் வைத்துக் கட்டியும் காட்டுவேன்.

இரவுப்பணித்_தாதி
ஐயா, ஹோல்டர் மாட்டுகிற அன்றைக்கு எத்தனை மணிக்குத் தூங்கினார், எத்தனைக்கு எழுந்தார், மாத்திரை எப்போது போட்டார் என்று எழுதி வையுங்கள். அந்த ராத்திரி பட்டியும் கையில் இருக்கட்டும். ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அம்மா இப்போது தூங்குகிறாரா?

நானுஓயா_ஆசிரியர்
தூங்குகிறார், மிஸ்ஸி. முந்தாநாள் கோடு 47 வரை இறங்கியது, அலாரம் அடிக்கவில்லை. காலையில் தேத்தண்ணி ஊற்றும்போதுதான் அம்மா கேட்டார், ராத்திரி எத்தனை என்று. சொன்னேன். சரி என்றுவிட்டு அப்பாவின் கையைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, தானும் ஒரு நிமிடம் எண்ணினார்.