இயற்கையில் தனியே உட்கார்ந்தால் பத்து நிமிஷத்துக்கு மேல் இருப்புக் கொள்ளவில்லை

கேள்வி:
மரங்கள் சூழ்ந்த அமைதியான இடம்தான். ஆனாலும் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே கை போனைத் தேடுகிறது, வேலை நினைப்பு ஓடுகிறது. எவ்வளவு நேரம் இருக்க வேண்டும்? அங்கே என்னதான் செய்வது? தனியாகப் போவது சரியா?

பதில் 1:
பலன் தொடங்கும் நேரத்தில் எழுந்துவிடுகிறீர்கள். ஆள் நுழைந்ததும் பறவைகள் எச்சரிக்கைக் குரல் கொடுத்து விலகும். அசையாமல் இருந்தால், பெரும்பாலும் கால் மணி, இருபது நிமிஷம் கழித்துத்தான் பழையபடி இரை தேட வரும். அதனால் 40 நிமிஷமாவது ஒதுக்குங்கள். விடிந்ததும் போனால் நடமாட்டம் அதிகம்.

இடத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். தொலைவில் இருக்கும் அழகான அருவியை விட, நடந்து போகும் தூரத்தில் உள்ள சாதாரண மரத்தடி மேல். அடிக்கடி போனால்தான் நேற்று இல்லாதது இன்று கண்ணில் படும். முதுகுக்கு மரம், முன்னால் திறந்தவெளி, பக்கத்தில் தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது. உட்காருமுன் எறும்புப் புற்று இருக்கிறதா, தலைக்கு மேல் காய்ந்த கிளை தொங்குகிறதா என்று பாருங்கள். கீழே தடித்த விரிப்பு கட்டாயம். பலரை எழுப்புவது மனசு இல்லை, ஈரத் தரையும் மரத்துப்போன காலும்தான்.

எதையும் உற்றுப் பார்க்க வேண்டாம். பார்வையை இரு ஓரங்களுக்கும் விரித்து வையுங்கள். சிறு அசைவும் தெரியும். பிறகு காது: மிக அருகில் கேட்கும் ஒலி, மிகத் தொலைவில் கேட்கும் ஒலி, நடுவில் உள்ளவை.

பதில் 2:
இருப்புக் கொள்ளாதது உங்கள் குறை இல்லை. 2014-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வில், வெற்று அறையில் 15 நிமிஷம் தனியே விடப்பட்டவர்களில் கணிசமானோர் சும்மா இருப்பதை விட்டுத் தங்களுக்கே மின்அதிர்ச்சி கொடுத்துக்கொண்டார்கள். இயற்கையில் இலையசைவும் நீரோட்டமும் கவனத்தை வலிக்காமல் பிடித்துவைக்கின்றன. முனைந்து கவனித்துக் களைத்த மூளை அப்போதுதான் தேறுகிறது என்பது உளவியலாளர்கள் ரேச்சல், ஸ்டீபன் கப்லான் இருவரின் விளக்கம்.

வாரம் 120 நிமிஷம் இயற்கையில் கழித்தால் உடலும் மனசும் நலமாக இருக்கும் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அது இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரின் தகவலிலிருந்து 2019-இல் வெளியானது. ஒரே தடவையோ பிரித்தோ, வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. மருந்தளவு போல எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பதில் 3:
தனியே போகலாம். எந்த இடம், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எத்தனை மணி தாண்டினால் தேட வேண்டும் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். போனை ஒலியடக்கிப் பைக்குள் ஆழமாக வையுங்கள். வீட்டில் விட்டுப் போவது அசட்டுத் துணிச்சல். இயர்போன் வேண்டாம். இடி கேட்டால் மரத்தடியை விட்டுக் கட்டடத்துக்கோ மூடிய வண்டிக்கோ போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிஷம் வெளியே வராதீர்கள்.

மனச்சோர்வு அழுத்தும் நாட்களில் தனியே உட்கார்ந்தால் அதே நினைப்பு சுழன்று சுழன்று வரலாம். அன்றைக்கு நடங்கள், முடிந்தால் துணையோடு.

கேட்டவர்:
நன்றி. குறிப்பேடு எடுத்துப் போகலாமா?

பதில் 1:
போகலாம், ஆனால் எழுந்திருக்கும்போது மட்டும் திறங்கள். தேதி, காற்று வந்த திசை, கேட்ட குரல்கள், புதிதாகக் கண்ட ஒன்று, இவ்வளவு போதும். உட்கார்ந்திருக்கும்போதே எழுதினால் என்ன எழுதலாம் என்றே மனசு தேடிக்கொண்டிருக்கும்.