ரௌட்டரைத் தொட்டால் சுருக்கென்றது: உங்கள் எர்த் அனுபவங்கள்

நானே தொடங்குகிறேன். ஒரு நெல் மண்டியில் இன்டர்நெட் அடிக்கடி அறுந்துபோகிறது என்று கூப்பிட்டார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் போனேன். ரேக்கிலிருந்த ரௌட்டரின் தகரத்தில் புறங்கை பட்டதும் சுருக்! டெஸ்டர் மங்கலாக எரிந்தது. மீட்டரில் 108 வோல்ட்.

ரௌட்டரில் கோளாறு இல்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டு ஓட்டைதான் என்பதால், பிளக்கில் எர்த்துக்கான தடித்த பின்னை யாரோ அறுத்து எடுத்திருக்கிறார்கள். பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என இரண்டு குட்டி கெபாசிட்டர்கள் வெளித் தகரத்தோடு சேர்ந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் தகரம் 230-இல் கிட்டத்தட்ட பாதியில் நிற்கும். பிளக்கை மாற்றி, எர்த் உள்ள பாயின்ட்டில் போட்டதும் மீட்டர் அடங்கிவிட்டது.

—

அண்ணா, உங்களுக்காவது பின் இல்லை. எனக்குப் பின்னும் இருந்தது, எர்த்தும் இருப்பதுபோலவே தெரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 சரியாகக் காட்டியது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பார்த்தால் சுத்தமாக 0. ஏசி ஓடும் கட்டடத்தில் ஒன்றிரண்டு வோல்ட்டாவது இருக்கும், இதென்ன அதிசயம் என்று மெயினை அணைத்துவிட்டு சாக்கெட்டைக் கழற்றினேன். எர்த் ஒயரே வரவில்லை! நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த் முனைக்குச் செருகி வைத்திருந்தார் எலக்ட்ரீஷியன். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் மொத்த ரேக்கும் 230-இல் நின்றிருக்கும். எர்த் குழியிலிருந்து பச்சை ஒயர் இழுத்து முடிக்கும்வரை நான் ரௌட்டரை ஆன் செய்யவில்லை. கடைக்காரருக்குக் கோபம்தான்.

—

நான் செய்த தவறைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். புது ரேக், புது ரௌட்டர், பச்சை மஞ்சள் ஒயர், ஒயர் முனையில் நசுக்கிப் பொருத்திய லக் (முடுக்குவதற்கான வளையம்), எல்லாம் பார்க்க லட்சணமாக இருந்தது. மீட்டரை பீப்பில் (இணைப்பு இருந்தால் சத்தம் போடும் நிலையில்) வைத்து ரௌட்டர் தகரத்துக்கும் எர்த் பட்டைக்கும் தொட்டேன். சத்தமே இல்லை. லக்கை ரேக்கின் பெயின்ட் மேலேயே முடுக்கியிருக்கிறேன்! உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு முடுக்கிய பிறகுதான் பீப் வந்தது. அன்றிலிருந்து முதலில் எர்த், பிறகுதான் பவர். கழற்றும்போது எர்த் கடைசி.

அப்புறம், பக்கத்துக் கட்டடத்துக்கு லேன் கேபிள் இழுப்பவர்கள் கவனம். இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனி எர்த் குழி என்றால், இடி இறங்கும்போது இரண்டுக்கும் உள்ள வோல்ட் வித்தியாசம் அந்தக் கேபிள் வழியாகத்தான் ஓடும். ஒரே மழையில் இரண்டு பக்கமும் போர்ட் போன பிறகு, மின்சாரம் கடத்தாத ஃபைபர் கேபிளுக்கு மாறிவிட்டேன்.

—

தம்பி, உங்கள் பெயின்ட் கதையைப் படித்துவிட்டு இன்று காலை அந்த மண்டிக்கே மறுபடி போய் ரேக்கின் லக்கைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் பெயின்ட் அப்படியே இருக்கிறது. நான் மாட்டியதுதான்.